மண்டிலமும் ஆதியும்: பண்டைத் தமிழகத்தில் இளம்புரவி பயிற்றலும் ஊர்வோன் இருக்கையும்

காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பெற்ற சாசனங்கள் இரண்டும் குடவோலை முறைக்காகவே பெரிதும் ஆராயப்பட்டு வந்துள்ளன. வாரியத்திற்குத் தகுதியற்றோரை எண்ணிச் செல்லுமிடத்து, கழுதை மேல் ஏறினோரும் பொய்யோலை எழுதினோரும் விலக்கப்படுகின்றனர். கழுதையேற்றம் என்பது குற்றவாளியை ஊரறிய இழிவு செய்யும் தண்டம் என்று கொள்வர். எதன்மேல் ஏறியிருந்தான் என்பதே ஒருவனது மதிப்பை அளக்குங் கோலாக இருந்த சமுதாயத்தில், குதிரை மேலிருத்தல் எத்துணைப் பெருமையாயிற்று என விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் அப்பெருமைக்கு உரியவன் குதிரைமேல் எவ்வாறு இருந்தான்? பழகாத இளம்புரவியை எவ்வாறு பழக்கினான்? இவ்வினாக்களை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். தமிழர்க்குக் குதிரை பயிற்றத் தெரியாது என்று அயல்நாட்டார் எழுதிவைத்த பழிச்சொல் ஒன்றுண்டு. அது தக்கதா அன்றா என்பது இதனாலேயே துணியப்படும்.

தொண்டை நாட்டுக்குக் குதிரை புதியதன்று. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னுந் துறையில் வெண்ணிறப் பிடரிமயிர்ப் புரவிகளையும் வடதிசை வளங்களையும் கொணர்ந்த நாவாய்கள் நிற்றலைக் கூறுகின்றது. சோழர் துறையாகிய புகாரிலும் புரவிகள் கடல்வழி வந்திறங்கியமையைப் பட்டினப்பாலை உரைக்கும். பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகளும், தஞ்சைப் பெரியகோயிற் சாசனங்களில் குதிரைச்சேவகரும் காணப்படுவர். வாணிகம் இவ்வாறு தெளிவாக, பயிற்சி பற்றிய சான்று மட்டும் இலக்கியத்துள் சிதறிக் கிடக்கின்றது.

அவற்றுள் தலையாயது மதுரைக்காஞ்சி தருவது. நாற்படையைக் கூறும் பகுதியில் மாங்குடி மருதனார் புரவிகளை வருணிக்கின்றார். கோல் பிடித்த பாகன் முறையறிந்து பழக்கியதனால், குளம்பு பட்டுப் பட்டுத் தேய்ந்த வட்டத்திலே அவை ஓடிப் பயின்றன என்றும், ஆதி என்னும் ஓட்டத்தில் தேர்ந்தன என்றும் அப்பகுதியால் அறிகின்றோம். இங்குக் கருதத் தக்கவை மூன்று. ஒன்று, பயிற்றுவோன் ஒருவன் தனியே சுட்டப்படுகின்றான்; குதிரையின் விரைவு அதன் இயல்பாக மட்டும் கூறப்படாமல் பயிற்சியின் பயனாகக் கூறப்படுகின்றது. இரண்டு, மண்டிலம் என்பது வட்டமாக வருதலும் ஆதி என்பது நெடுஞ்செலவும் ஆகலின், வளைவும் நேரும் ஆகிய இரு பயிற்சிகளும் இணைந்து நிற்கின்றன. மூன்று, தேர் அதே பகுதியில் வேறாக எண்ணப்படுகின்றது. எனவே சங்ககாலப் புரவி பெரும்பாலும் தேரிற் பூட்டப்பட்டதே என்பார் கூற்று பொதுவகையாற் பொருந்துமேனும், இவ்விடத்துப் புரவியைத் தேர்மாவாகக் கொள்ளுதல் இயலாது. அது மேற்கொண்டு ஊரப்பட்டதே என யாம் கருதுகின்றோம்.

மண்டிலம் ஏன்? ஆரவாரத்திற்காக அன்று. குதிரை தானே நிற்கும்போது அதன் எடையில் ஐந்தில் மூன்று பங்கு ஏறக்குறைய முன்னங்கால்களிலேயே தங்கும். பழகாத இளங்குதிரையின் முதுகில் ஆள் ஏறியதும் அச்சுமையும் முன்னோக்கிச் சாய, அது தலையை உயர்த்தி முதுகைக் குழித்து விரைந்தோடித் தப்ப முயலும். வட்டத்தில் மெல்லச் செலுத்தினால் உட்புறப் பின்னங்கால் உடலின் கீழ் முன்வந்து சுமையை ஏற்கப் பழகும், உடல் வளையும், பாரம் படிப்படியாகப் பின்னோக்கி அமையும். ஆனால் மேலிருப்பவன் நேராக அமர்ந்தாலன்றி இது நிகழாது. அவன் உட்புறமாகச் சரிந்தால் குதிரையும் தோள் சரிந்து வட்டத்தைச் சுருக்கும். அச்சத்தால் முழங்காலை இறுக்கினால் அவன் உடல் மேலெழும்பி நிலை தளரும். கடிவாள வாரைப் பிடித்தே தன்னை நிறுத்திக்கொள்வானாயின் குதிரையின் வாய் மரத்துப்போகும். ஆதலின் வட்டம் குதிரைக்கு மட்டுமன்றி ஊர்வோனுக்கும் ஆசிரியனாகும். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியக் குழு தங்கம் வென்ற குதிரைநடைப் போட்டியிலும் இவ்வட்டமே அடிப்படை.

இவ்வறிவு உலகில் மிகப் பழையது. கி.மு. 14-ஆம் நூற்றாண்டளவில் மித்தன்னி நாட்டுக் கிக்குலி என்பான் எழுதிய குதிரைப் பயிற்சி நூல் இத்தைத்து மொழியிற் கிடைத்துள்ளது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என எண்ணப்பட்ட சுற்றுகளுக்கு அதில் வரும் பெயர்கள் ஆரிய மொழிச் சொற்களே. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் ஊர்தற்குரிய குதிரையின் இயக்கத்தை ஐந்தாக வகுத்து, வட்ட இயக்கமாகிய வல்கனத்தை முதலில் வைக்கின்றது. தமிழ் உரையாசிரியர் ஐந்து கதி என்றும் பதினெட்டுச் சாரி என்றும் கூறுவது இவ்வடமொழி மரபோடு தொடர்புடையது போலும். எனினும் மண்டிலம், ஆதி என்னும் சங்க வழக்கு அவ்வகைப்பாட்டிற் கரைந்துவிடாமல் தனித்து நிற்கின்றது.

மருதக்கலியில் ஒரு பாட்டு (கலித்தொகை 96) நம் ஆய்வுக்கு எதிர்பாராத துணையாகின்றது. பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவன், தான் குதிரையூர்ந்து வந்ததாகப் பொய் கூற, தலைவி அக்குதிரை எதுவென உணர்ந்து, பரத்தையின் அணிகளையே குதிரைப் பூணாக வைத்து எள்ளுகின்றாள். அவள் வாயில் ஆதி வருகின்றது; தலைவனை வாதுவன் என்றே விளிக்கின்றாள்; அவன் மேனியிலுள்ள வடுக்களைக் குதிரையா செய்தது என வினவுகின்றாள். குதிரைப்பாகரின் தொழிற்சொற்கள் ஓர் இல்லாளின் ஊடற்பேச்சிலே நகைப்பொருளாதற்கு, அவை கேட்போர் யாவர்க்கும் பழகியிருத்தல் வேண்டும். அரண்மனைக் கொட்டிலுக்குள் அடங்கிக் கிடந்த கலையாயின் இந்நகை பயன்படாது.

இனிப் பழிச்சொல்லுக்கு வருவாம். 1290-களில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆட்சி புரிந்த உடன்பிறந்தார் ஐவரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரை வாங்கினரென்றும், பேணத் தெரியாமையால் அவை விரைவில் மாண்டனவென்றும் எழுதுகின்றார். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரசீகத்தில் எழுதிய வஸ்ஸாப் இன்னும் கடுமையாகப் பேசுகின்றார். குதிரைகளை நாற்பது நாள் முளையிற் கட்டிக் கொழுக்க வைத்து, பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றி, அங்கவடியுமின்றி, வீரர் பேய்போல் ஏறி ஓட்டினர். சிறந்த பரிகளும் சிறிது காலத்தில் மந்தமாயின என்பது அவர் கூற்று.

இதனை இருகூறாக்கி நோக்கல் வேண்டும். அங்கவடி இன்மை குறையன்று. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்கராகிய செனபன் குதிரையேற்றம் பற்றி எழுதியபோது அங்கவடி அந்நாட்டில் இல்லை. நாற்காலியில் அமர்வதுபோல் இராமல், கால்களை அகற்றி நேரே நிற்பவன் போல் குதிரைமேல் இருத்தல் வேண்டும், முழங்காலின் கீழ்ப்பகுதி தளர்ந்து தொங்குதல் வேண்டும் என்று அவர் வகுத்த இருக்கையே இன்றளவும் நல்லிருக்கையாகப் போற்றப்படுகின்றது. அங்கவடி அஞ்சினவனுக்கு ஊன்றுகோல். பயின்றவனுக்கு வசதி மட்டுமே. சாஞ்சியின் சிற்பங்களில் காற்பெருவிரலை நுழைக்கும் வளையம் காணப்படுதலின் அக்கருவியின் முன்வடிவம் இந்நாட்டிலேயே இருந்ததும் நினைக்கத் தக்கது.

பயிற்சி இன்மையோ உண்மைக் குறை. அதனை முற்றும் பொய்யென ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. வஸ்ஸாப் தரும் கணக்கின்படி ஆண்டுக்கு வந்த குதிரை 10,000. ஒன்றின் விலை 220 பொற்காசு. கடலில் இறந்தவற்றிற்கும் விலை கொடுக்கப்பட்டது. இலாடம் அடித்துக் குதிரை நோய் தீர்ப்போரை வணிகர் வரவிடவில்லை என்று போலோவே ஒப்புக்கொள்கின்றார். இறப்பு மிகுந்தால் விற்பனை மிகும் என்பதை வணிகர் அறிவர்! மாங்குடி மருதனார் கண்ட வட்டம் தேய்வதற்குப் பன்னாள் வேண்டும். இளம்பரி ஒன்று ஊர்வோனைச் செவ்வனே சுமக்கப் பழகுவதற்கு ஆண்டுகள் வேண்டும். ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகப் புதுக்குதிரை வந்திறங்கிய நாட்டில் அப்பொறுமைக்கு இடமில்லாது போயிற்று. எனவே தமிழர் கலையறியாதார் என்பதினும், அறிந்த கலையைப் பெருங்கொள்முதல் நலித்தது என்பதே பொருந்தும் என்பது எம் முடிபு. விசயநகர அரசர் ஆண்டுக்கு 13,000 ஓர்மசுக் குதிரை வாங்கினர் என்று நூனிசு 1535-ஐ ஒட்டி எழுதுதலின், இந்நிலை பின்னும் நீடித்தது தெளிவு.

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக் குதிரைவீரரை இதற்கு மறுப்பாகக் காட்டுவாருளர். முன்கால் தூக்கி நிற்கும் அப்பரிகள் கண்ணைக் கவர்வன. ஆயினும் தூணின் வடிவுக்கும் மேற்பாரத்துக்கும் இயையச் சிற்பி அமைத்த நிலையைக் கொண்டு பயிற்சி நிலத்து இருக்கையைத் துணிதல் இடர்ப்பாடுடைத்து. 1714-இல் மாண்ட செஞ்சித் தேசிங்கின் கதைப்பாடலும் அத்தகையதே. எவர்க்கும் அடங்காத பாராசாரியை அவ்விளைஞன் அடக்கியதை அது பாடுகின்றது. அடக்கியதற்குத் துணிவையும் தெய்வ அருளையும் காரணமாக்குகின்றதேயன்றி, கோல் பிடித்த பாகனையும் தேய்ந்த வட்டத்தையும் அதில் காண்கிலோம்.