பெட்டி பழசு, ப்ராசஸர் புதுசு

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் பாதி துறைமுகத்தை நம்பித்தான் ஓடுகிறது. முத்துக்குளிப்பு 1961-இல் கடைசியாக நடந்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு ஊரைத் தாங்கியது உப்பும் கப்பலும்தான். 1974-இல் இது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1999 இறுதியில் கண்டெய்னர் முனையம் வந்தது. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று ஏகப்பட்ட தாள்கள் வேண்டும். அவற்றைத் தயார் செய்தவை டபிள்யூ.ஜி.சி. ரோட்டைச் சுற்றிய சந்துகளில் இருந்த சின்னச் சின்ன கிளியரிங் அலுவலகங்கள். இரண்டு மேசை, ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டர், அலுவலகம் அவ்வளவுதான். அந்த ஒற்றைக் கம்ப்யூட்டரை வருஷக்கணக்கில் ஓட வைத்தது ப்ராசஸர் மாற்றும் வேலை. நான் அந்த வேலையில் வளர்ந்தவன். அதன் வரலாற்றை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தது பென்டியம் காலத்தில். அப்போது ஒரு புதுப் பெட்டியின் விலை குமாஸ்தா ஒருவரின் பல மாதச் சம்பளம். விண்டோஸ் 98 போட்டதும் 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் திணறும். அண்ணாச்சிமார் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “பெட்டி அப்படியே கெடக்கட்டும் தம்பி, உள்ள உள்ளத மட்டும் மாத்த முடியுமா?”

பெரும்பாலும் முடிந்தது. காரணம், சாக்கெட் 7. இன்டெல் பென்டியம், பென்டியம் எம்எம்எக்ஸ், ஏஎம்டி கே6 மூன்றும் அந்த ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஓரத்தில் இருக்கும் கம்பியைத் தூக்கி, பழையதை எடுத்து, மூலை அடையாளம் பார்த்துப் புதியதை வைத்துக் கம்பியை அமுக்கினால் கை வேலை முடிந்தது. கணக்கு வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பழைய பென்டியம் 3.3 வோல்ட்டில் ஓடும். 1997-இல் வந்த எம்எம்எக்ஸுக்கு உள்பகுதிக்கு 2.8 வோல்ட் தனியாகவும் வெளித்தொடர்புக்கு 3.3 வோல்ட் தனியாகவும் தர வேண்டும். இரண்டையும் பிரித்துத் தரத் தெரியாத போர்டில் அதை வைத்தால் சூட்டில் கெட்டுப்போகும். ஆகவே முதலில் படிக்க வேண்டியது போர்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஜம்பர் அட்டவணையை.

1998-இல் வந்த கே6-2 ப்ராசஸர் எங்களுக்குப் பெரிய உதவி. அதன் பிந்தைய ரகங்கள், போர்டில் பெருக்கல் ஜம்பரை 2 என்ற இடத்தில் வைத்தால் அதை 6 என்று எடுத்துக்கொள்ளும். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் உள்ள பழைய போர்டிலும் ஆறு மடங்கு கிடைத்து 400 மெகாஹெர்ட்ஸ் ஓடும். போர்டு 2.2 வோல்ட் தந்தால் போதும். ஜம்பர் என்பது நெல்மணி அளவு பிளாஸ்டிக் மூடி. அதை ட்வீசரால் ஒரு இடம் தள்ளிப் போட்டு, திரையில் 400 என்று வருவதைப் பார்த்த அலுவலகக்காரர்களின் முகம் இன்றும் நினைவிருக்கிறது.

பிறகு அந்தப் பொதுச் சாக்கெட் போய்விட்டது. இன்டெல் ஸ்லாட் 1-க்கும் அங்கிருந்து சாக்கெட் 370-க்கும் போனது. பென்டியம் 4 மட்டுமே 423, 478, 775 என்று மூன்று சாக்கெட் மாறியது. ப்ராசஸர் மாற்ற வேண்டும் என்றால் போர்டையும், போர்டு மாறினால் ராமையும் சேர்த்து மாற்றும் நிலை வந்தது.

775 மட்டும் நீடித்து நின்றது. 2004-இல் பென்டியம் 4-க்கு வந்த அதே சாக்கெட்டில்தான் 2006-இல் கோர் 2 டுவோ வந்தது. ஆனாலும் எல்லா 775 போர்டும் அதை ஏற்காது. சிப்செட்டும் மின்சாரப் பகுதியும் பயாஸும் இசைய வேண்டும். இன்டெல் போர்டாக இருந்தால் ஏஏ என்று தொடங்கும் எண் ஒட்டியிருக்கும். அந்த எண்ணை இன்டெல் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவேன். பெரிய கம்பெனிகள் கழித்த பெட்டிகளின் ப்ராசஸர்கள் அங்கே மலிவாகக் கிடைக்கும்.

2012 மின்வெட்டுக் காலத்தில் இந்த மாற்றத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. அனல் மின் நிலையம் இருக்கும் எங்கள் ஊரிலேயே பல மணி நேரம் கரண்ட் இருக்காது. 95 வாட் பென்டியம் டி-யை எடுத்துவிட்டு 65 வாட் கோர் 2 டுவோவை வைத்தால் யு.பி.எஸ். கூடுதல் நேரம் தாங்கும், வேலையும் வேகமாக நடக்கும். அன்று பயந்து பயந்து செய்த வேலை பயாஸ் மாற்றுவது. பழைய ப்ராசஸர் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடும். பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் தொட்டதில்லை.

எங்கள் ஊர் காற்றையும் சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் கேபினட் திருகுகள் துருவேறி இறுகிவிடும். போர்டின் இணைப்புகளில் பச்சை படியும். ஆனால் ஹீட்சிங்கைத் தூக்கி, காய்ந்த பேஸ்டைத் துடைத்துப் பார்த்தால் ப்ராசஸர் மட்டும் பழுதில்லாமல் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் இதைக் கண்ணால் கண்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தரையில் வைத்திருந்த பெட்டிகள் மூழ்கின. போர்டும் பவர் சப்ளையும் போயின. சேற்றைக் கழுவி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகு பல ப்ராசஸர்கள் வேறு போர்டில் உயிர்பெற்றன. அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: பழைய பெட்டியில் கடைசியாகக் கெடும் பொருள் ப்ராசஸர்தான்.

கெடுவதற்கு முன்பே அதைப் பயனற்றதாக்குவது கம்பெனிகளின் முடிவு. 2015-இல் வந்த 1151 சாக்கெட் போர்டில் 6, 7-ஆம் தலைமுறை ஓடும். 2017-இல் வந்த 8-ஆம் தலைமுறைக்கும் அதே 1151 தொடுபுள்ளிகள்தான். ஆனால் பழைய போர்டில் ஓடாது என்று இன்டெல் அடைத்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு மேல். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது, நன்றாக ஓடும் பெட்டிகளைக்கூட காயலான் கடைக்குத் தூக்க ஆரம்பித்தார்கள். வேறு வழி இல்லாமல் போனதல்ல இது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில், 2017-இல் வாங்கிய போர்டு பலவற்றில் 2022-இல் வந்த பயாஸை ஏற்றினால் ரைசன் 5000 ஓடுகிறது. விண்டோஸ் 11-உம் ஓடுகிறது.

பழைய பெட்டியைத் தூக்கிப் போடும் முன் போர்டின் பெயரையும் மாடல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தயாரித்த கம்பெனி வெளியிட்ட ப்ராசஸர் பட்டியலில் உங்கள் போர்டு ஏற்கும் உயர்ந்த ரகம் எது, அதற்கு எந்த பயாஸ் வேண்டும் என்று பாருங்கள். ஹார்டு டிஸ்க் இன்னும் பழைய சுழலும் வகை என்றால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். மீதிக்கு ப்ராசஸர் மாற்றுங்கள். புதிதாக வாங்குபவர்கள் கடைக்காரரிடம் வேகத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். இந்த சாக்கெட்டில் அடுத்த தலைமுறை உட்காருமா என்றும் கேளுங்கள்.