ஓய்வு நாள் வழக்கு

ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்க வேண்டுமென்பது மோசேயின் கற்பலகைகளில் பொறிக்கப்பட்ட கட்டளை. யூதர்கள் சனிக்கிழமையில் அனுஷ்டித்து வந்த அந்த ஓய்வு, கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாளாகிய ஞாயிற்றுக்கு மாறியது முறைதானா, முறையாயின் மாற்றுவதற்கு யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதே கிறிஸ்தவ சமுதாயத்தில் நெடுங்காலம் நடந்துவரும் வழக்கு.

321-ஆம் ஆண்டில் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன், நியாயாதிபதிகளும் நகரவாசிகளும் கைத்தொழிலாளரும் ஞாயிறன்று ஓய்ந்திருக்க ஆணையிட்டபோது, விதைப்புக்கும் கொடி நடவுக்கும் பருவம் தப்பிவிடலாகாதென்று உழவர்களுக்கு மட்டும் விலக்களித்தான். அதே நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சபைச் சங்கம், சனியன்று யூதரைப் போல வேலை செய்யாதிருத்தல் கூடாதென்று விதித்தது. அப்படி இருந்தவர்கள் அக்காலத்தில் இல்லையாயின் அவ்விதிக்கு அவசியமே நேர்ந்திராது.

இவ்வழக்கு உக்கிரமடைந்தது இங்கிலாந்தில். 1595-இல் நிக்கலஸ் பௌண்ட் என்னும் குருவானவர், ஞாயிறு முழுவதும் வழிபாட்டுக்கே உரியதென்று ஒரு நூல் இயற்ற, திருச்சபையைச் சீர்திருத்த முனைந்த ப்யூரிட்டன் கட்சியார் அக்கொள்கையைச் சிரமேற்கொண்டனர். 1617-இல் லங்காஷயர் வழியே சென்ற ஜேம்ஸ் மன்னனிடம், தங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுகளை ப்யூரிட்டன்கள் தடுக்கிறார்களென்று குடிகள் முறையிட்டார்கள். மறு ஆண்டு வெளியான அரசப் பிரகடனம், ஆலய வழிபாட்டை முடித்தவர்கள் நடனமாடலாம், வில் பழகலாம், மே மாதக் கம்பம் நடலாம் என அனுமதித்து, கரடியையும் காளையையும் நாய்விட்டுக் கடிக்கச் செய்யும் கேளிக்கை போன்றவற்றை விலக்கியது. உழைக்கும் ஏழைகளுக்கு வேறு நாளில் பொழுதில்லை, உடற்பயிற்சி அற்றவர்கள் யுத்தத்துக்கு உதவார், களிக்க இடமில்லாதவர்கள் மதுக்கடையில் அமர்ந்து முணுமுணுப்பார்கள் என்பன மன்னன் காட்டிய நியாயங்கள்.

1633-இல் அவன் மகன் சார்ல்ஸ் அதை மீண்டும் வெளியிட்டு, குருமார் ஆலயங்களில் வாசிக்க வேண்டுமென்றான். மறுத்தவர்கள் பதவியிழந்தனர், சிலரோ பிரகடனத்தை வாசித்த கையோடு ஓய்வு நாள் கட்டளையையும் வாசித்துவிட்டு, எதற்குக் கீழ்ப்படிவதென்பதைச் சபையாரிடமே விட்டுவிட்டார்கள். 1643-இல் பார்லிமென்டின் கை ஓங்கியபோது அப்பிரகடனம் பகிரங்கமாகத் தீயிலிடப்பட்டது.

மன்னன் கட்சியும் ப்யூரிட்டன் கட்சியும் இவ்வாறு மோதிக்கொண்டாலும், சனிக்கிழமையை அனுஷ்டித்தவர்களை இரு சாராருமே பொறுக்கவில்லை. அவ்வாறு போதித்த ஜான் டிராஸ்க் 1618-இல் கசையடிபட்டு, யூதன் என்பதன் முதலெழுத்து நெற்றியில் சுடப்பட்டுச் சிறை புகுந்து, பின்னர் தன் கொள்கையைக் கைவிட்டான். அவன் மனைவி டாரதி பள்ளி ஆசிரியை. சனியன்று பாடம் நடத்தாமல் வாரத்தில் ஐந்து நாளே கற்பித்தவள். கணவன் கைவிட்ட கொள்கையை அவள் கைவிடவில்லை. அதற்காகச் சிறைப்பட்டு, சிறையிலேயே உயிர் நீத்தாள்.

நம் நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. திருநெல்வேலிச் சீமையில் ஆங்கில மிஷனின் உபதேசியாராயிருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளைக்கும் ஐரோப்பிய மிஷனரிக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டிருந்தது. சட்டாம்பிள்ளை சார்ந்த நாடார் சமூகத்தைத் தாழ்வுபடுத்தி மிஷனரி கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூல் அந்தச் சமூகத்தாரின் கசப்பை மிகுதிப்படுத்தியது. 1857-இல் சட்டாம்பிள்ளை மிஷனிலிருந்து பிரிந்து, நாசரேத்துக்கு அடுத்த பிரகாசபுரத்தில் சுதேசிகளே பரிபாலிக்கும் தனிச் சபையை நிறுவி, சனிக்கிழமையையே ஓய்வு நாளாக்கி, பழைய ஏற்பாட்டின் வழிபாட்டு முறைகள் பலவற்றையும் தழுவிக்கொண்டார். வெள்ளைக்காரர் ஞாயிறு என்றால் வேதம் சனி என்கிறதே என்று சொல்ல முடிந்தவர்களுக்கு, வேதத்தைப் படிக்க வெள்ளைக்காரரின் தயவு வேண்டியதில்லை என்ற துணிவும் உண்டாயிற்று. பிற்காலத்தில் ஏழாம் நாள் அட்வெந்து சபையார் தமிழரிடையே தங்கள் ஊழியத்தைத் தொடங்கியதும் அந்தப் பிரகாசபுரத்தில்தான்.

சனியா ஞாயிறா என்று வாதிட்டவர்கள் பெரும்பாலும் விதிக்கும் உரிமைக்காகவே வாதிட்டார்கள் என்பது இச்சரித்திரத்தால் புலனாகிறது. எந்த நாள் சரியென்பதை அவரவர் மனச்சாட்சி தீர்மானிக்கட்டும். ஆனால் வேலைக்காரனுக்கும் கால்நடைக்கும்கூட இளைப்பாறுதல் தந்த ஒரு கட்டளையின் பேரால் ஒருத்தியைச் சாகும்வரை சிறையில் வைத்தது எவ்வகையிலும் தர்மமாகாது.