மணை முதல் சுழல் நாற்காலி வரை

இருக்கையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. மணை, தவிசு, பலகை, கட்டில், முக்காலி, நாற்காலி என அவை நீளும். இவற்றுள் முக்காலியும் நாற்காலியும் காலை எண்ணிப் பெயர் பெற்றவை. அக்கணக்கின்படி நோக்கின், இன்று கணினியின் முன் இடப்படும் சுழல் இருக்கையை நாற்காலி என்பதே பிழையாகும். அதற்குக் கால்கள் ஐந்து. ஒவ்வொரு காலின் நுனியிலும் ஓர் உருளை உண்டு. நான்கு கால்களில் உருளை பூட்டினால், உட்கார்ந்தவர் ஒருபுறம் சாய்கையில் இருக்கை எளிதில் கவிழ்ந்துவிடும். அதனைத் தடுக்கவே ஐந்தாவது கால் வந்து சேர்ந்தது. பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து பத்து காவான் அதிகத் தொலைவில் இல்லை. நம் முன்னோர் கரும்பும் பின்னர் ரப்பரும் செம்பனையும் பயிரிட்டு உழைத்த இத்தென் செபராங் பிறை வட்டாரத்தில், 2014ஆம் ஆண்டு பினாங்கின் இரண்டாம் பாலம் வந்து இறங்கியது. 2019ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் பெயர்பெற்ற அறைகலன் கடை ஒன்றும் பத்து காவானில் திறக்கப்பட்டது. அங்கே கணினி நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. இத்தகைய நாற்காலிகளுள் விலை மிக்கவற்றில் தலையைத் தாங்க ஓர் உறுப்பு, இடுப்பைத் தாங்க ஓர் உறுப்பு, முழங்கைகளுக்கு இரண்டு, அடியில் நெம்புகோல்கள் மூன்று நான்கு என எல்லாம் அமைந்திருக்கும். பள்ளியின் கணினி அறைக்கும் அலுவலகத்திற்கும் இத்தகைய நாற்காலிகளை வாங்கலாமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வீண் பகட்டு என்றார் மற்றொருவர். இருவருக்கும் அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர் நாற்காலியின் வரலாற்றைச் சிறிது தேடிப் படித்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

இருக்கை முதலில் உடலுக்காக ஏற்பட்டதன்று, தகுதிக்காக ஏற்பட்டது. இதற்கு நம் இலக்கியமே சான்று. முரசுகட்டிலில் அறியாமல் உறங்கிய மோசிகீரனாருக்குச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய செய்தியைப் புறநானூற்றுப் பாடமாக எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். அரசனின் அருளை வியக்கும் நாம், உரியதல்லாத இருக்கையில் உடலைச் சாய்த்ததற்குத் தண்டனை தலை என்பதை எளிதாகக் கடந்துவிடுகிறோம். அந்த முறைமை இருந்ததால்தான் கவரி வீசியது செய்தியாயிற்று.

மற்றவர்க்கெல்லாம் தரையே இருக்கை. உண்பதும் நூற்பதும் நெய்வதும் ஏடு எழுதுவதும் தரையில்தான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியதைக் கண்டுதான், சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் தம் கல்விமுறையில் மணல் தட்டைச் சேர்த்துக்கொண்டார். 1797இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். மணலும் சட்டாம்பிள்ளை முறையும் இங்கிலாந்துக்குச் சென்றன; அங்கிருந்து பெஞ்சு நமக்கு வந்தது என்று நகையாகச் சொல்லலாம். தரையில் இருந்தவன் ஒரே நிலையில் நெடுநேரம் இருந்ததில்லை என்பதையும் ஈண்டு நினைவில் கொள்ள வேண்டும். சம்மணம் கூட்டுவான், ஒரு காலை மடக்குவான், குந்துவான், எழுவான். உடல் தன் தேவைக்கேற்ப நிலையை மாற்றிக்கொண்டது. நாற்காலிதான் மனிதனை ஒரே நிலையில் நிறுத்திவைத்தது.

மலாயாத் தோட்டங்களில் இருக்கையின் தகுதிக் கணக்கு இன்னும் வெளிப்படையாக இருந்தது. துரையின் வங்களா முன்கூடத்தில் நீண்ட கைகளையுடைய சாய்வு நாற்காலி கிடக்கும். கால்களை அக்கைகளின்மேல் நீட்டிக்கொள்ளவே அவை அவ்வளவு நீளமாக அமைந்தன. ஆபீசில் கிராணிக்கு மரநாற்காலி. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது தொழிலாளர் நிற்பர். பின்பு மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டுவர். முதுகு மிகுதியும் வருந்தியவர்க்கு இருக்கை இல்லை. இருக்கை உடையவர்க்கு முதுகு அவ்வளவாக வருந்தவில்லை.

பினாங்கில் தமிழ் வகுப்பு 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ பள்ளியில் தொடங்கிற்று. தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது பரவலானது அதற்கு நெடுங்காலம் கழித்தே. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதில் நிருவாகங்கள் பெரிதாக மனம் வைக்கவில்லை. கொட்டகையும் ஓர் ஆசிரியரும் இருந்தால் பள்ளி. நீண்ட பெஞ்சில் ஏழு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அடுத்தடுத்து அமர்ந்தனர். பெரியவனின் முழங்கால் மேசையில் இடிக்கும். சிறியவனின் கால் காற்றில் ஆடும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நாற்காலி அரும்பொருளே. கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ என்னும் சிறுகதையை மாணவர்கள் படித்தல் வேண்டும். நாற்காலி இல்லாத குறையை நீக்க ஒரு குடும்பம் அதைச் செய்விக்கிறது. விரைவில் அது ஊரில் இறந்தவர்களை உட்கார வைக்க இரவல் கேட்கப்படும் பொருளாகிவிடுகிறது. உயிரோடிருப்பவர் தரையில் இருக்கலாம். பிணம்தான் சாய்மானம் இன்றி உட்காராது. நாற்காலியின் பயன் யாது என்பதற்கு இதனினும் கூரிய விடையை யான் கண்டதில்லை.

இனி, உடலை அளந்து இருக்கை செய்த கதைக்கு வருவோம். அமெரிக்காவில் தாமஸ் வாரன் என்பவர் 1849இல் வில்கம்பிமேல் அமர்ந்து சுழலும் நாற்காலிக்குக் காப்புரிமை பெற்றார். 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியிலும் அது வைக்கப்பட்டது. எனினும் அது பொறியாளரின் கைவண்ணம். மருத்துவர்களின் கவனம் வேறொரு வாயிலாக வந்தது. அந்த வாயில் பள்ளிக்கூடம் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிதல் நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கல்வி கட்டாயமானபோது, நாள் முழுதும் பெஞ்சில் வளைந்திருந்த பிள்ளைகளின் முதுகைக் கண்டு மருத்துவர்கள் அஞ்சினர். செருமானிய எலும்பு மருத்துவர் பிரான்ஸ் ஸ்டாபல் 1884இல் உட்காரும் முறையைப் பற்றி எழுதி, இடுப்பின் வளைவைத் தாங்கும் சாய்மானம் வேண்டும் என்றார். இன்று கடைகளில் தனி விலை வைத்துக் கூறப்படும் இடுப்புத் தாங்கியின் மூதாதை, பள்ளிப் பிள்ளைகளின் முதுகைக் கண்டு வருந்திய ஒரு மருத்துவரின் எண்ணமே.

உழைப்பை உடலுக்கு ஏற்ப அமைக்கும் கலைக்குப் போலந்து அறிஞர் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி (பெயர் நாவில் எளிதில் புரளாது) 1857லேயே கிரேக்கச் சொற்களைக் கூட்டிப் பெயர் வைத்தார். அப்பெயர் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1949இல் இங்கிலாந்தில் மரெல் என்பவரும் அவருடைய தோழர்களும் அதனை மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவந்தனர். நாம் பணிச்சூழலியல் என்கிறோம். அதற்கு முந்திய ஆண்டில் சுவீடன் மருத்துவர் ஓகர்ப்ளோம், நாற்காலிகள் பெரும்பாலும் தேவைக்கு மேல் உயரமானவை என்றும், அதனால் தொடையின் அடிப்பகுதி அழுந்துகிறது என்றும் எழுதியிருந்தார். டென்மார்க்கின் மருத்துவர் மாண்டால், 1970களில் வகுப்பறைப் பிள்ளைகளை உற்றுநோக்கினார். நாற்காலியின் பின்கால்களைத் தூக்கி, முன்கால்களில் சாய்ந்து எழுதும் பிள்ளையை நாம் எல்லோரும் அதட்டியிருக்கிறோம். மாண்டால் அதனைக் குறும்பு என்று கொள்ளவில்லை. தட்டையான இருக்கையில் குனிந்து எழுதும்போது வளையும் இடுப்பை நேராக்கிக்கொள்ளப் பிள்ளை தானே கண்ட வழி அது என்றார். இதைப் படித்த நாளில், முப்பது ஆண்டுகளாக நான் அதட்டிய முகங்கள் சில நினைவுக்கு வந்தன.

அறிவியல் ஒரே குரலில் பேசியதா என்றால், இல்லை. சுவீடனின் நாகெம்சன், முதுகெலும்பின் இடைத்தட்டில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, சாய்மானமின்றி உட்காரும்போது நிற்கும்போதைவிட அழுத்தம் மிகுதி என்று கண்டார். நெடுங்காலம் அதுவே வேதவாக்காயிற்று. 1999இல் செருமனியில் வில்கேயும் குழுவினரும் ஒரே ஒரு தன்னார்வலரின் முதுகில் நுண்கருவி பொருத்தி அளந்தபோது, தளர்ந்து உட்காருகையில் அழுத்தம் நிற்பதைவிட மிகவில்லை என்று கண்டனர். ஆகவே ‘மருத்துவர் பரிந்துரைத்த நாற்காலி’ என்று விற்பனையாளர் கூறும்போது, எந்த மருத்துவர், எந்த ஆண்டு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

1976இல் பில் ஸ்டம்ப் என்னும் வடிவமைப்பாளர் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ‘எர்கான்’ நாற்காலியை அமைத்தார். 1994இல் அவரும் டான் சாட்விக்கும் சேர்ந்து ‘ஏரான்’ என்பதைத் தந்தனர். பஞ்சும் தோலும் இன்றி வலையால் ஆன இருக்கை. உடலின் அளவுக்கேற்ப மூன்று அளவுகளில் அதனைச் செய்தது நேர்மையான அறிவு என்பேன். ஆனால் இன்றும் அதன் விலை ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். 1990களின் இறுதியில் அமெரிக்கக் கணினி நிறுவனங்கள் தங்கள் செழிப்பைக் காட்ட அதனை வாங்கிக் குவித்தன. அவற்றுள் பல விரைவில் வீழ்ந்தபோது நாற்காலிகள் ஏலத்துக்கு வந்தன. உடலை அளந்து செய்த இருக்கையும் கடைசியில் அரசுகட்டிலாகிவிட்டது.

சட்டம் கேட்பது மிகக் குறைவு. ஐரோப்பிய நாடுகள் 1990இல் கணினித் திரைப் பணிக்கு வகுத்த நெறி, நாற்காலி உறுதியாக இருத்தல், உடல் தடையின்றி அசைய இடம் கொடுத்தல், இருக்கையின் உயரமும் சாய்மானத்தின் உயரமும் சாய்வும் மாற்றத்தக்கனவாதல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. வேண்டுவோர்க்குக் கால்பலகை தருக என்றும் சேர்த்தது. தலைதாங்கி பற்றி ஒரு சொல் இல்லை. நம் நாட்டிலும் 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் வழியில், பணியிட இருக்கை பற்றியும் கணினித்திரைப் பணி பற்றியும் 2003இல் வழிகாட்டிகள் வந்தன. பள்ளிகளில் அவற்றைப் புரட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

எனவே விலை மிக்க நாற்காலி நடைமுறைக்கு ஏற்றதா என்ற வினாவுக்கு, யாருக்கு என்ற எதிர்வினாவே முதல் விடை. நாள் முழுதும் திரைமுன் இருப்பவர்க்கு உயரமும் சாய்மானமும் மாற்றக்கூடிய நல்ல நாற்காலி பகட்டன்று, கருவி. அரைமணி நேரம் உட்கார்ந்து கையெழுத்திட்டு எழுந்துபோகிறவர்க்கு அது வீண். ஆனால் நம் அலுவலகங்களில் நடப்பதென்ன? உயர்ந்த சாய்மானமுள்ள சுழல் நாற்காலி தலைமையாசிரியர் அறையில் இருக்கும். காலை முதல் மாலைவரை தட்டச்சு செய்யும் எழுத்தர், வகுப்பறையிலிருந்து எடுத்துவந்த நாற்காலியில் தலையணை வைத்துக்கொண்டிருப்பார். என் அறையிலும் அலுவலகத்திலும் இருந்தது இதுவே. பல ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து சென்றவன் நான். கூட்டத்துக்குப் பின் நாற்காலிகளை மாற்றிக்கொண்டோம். அவர் முதல்நாள் மிகவும் கூச்சப்பட்டார்; மூன்றாம் நாள், நெம்புகோலை எப்படி இறக்குவது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நெம்புகோல் இருந்தும் அது எதற்கென்று அறியாமலே வைத்திருக்கிறோம். பயன்படுத்தக் கற்பிக்காத கருவி எவ்வளவு விலையுள்ளதாயினும் மரக்கட்டைதான்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இப்பாடத்தை எல்லோரும் வீட்டிலேயே படித்தோம். ஆசிரியர்கள் உணவு மேசையின் முன்னும், பிள்ளைகள் பாயிலும் கட்டிலிலும் கைப்பேசியோடும் இருந்தனர். பாயில் இருந்த பிள்ளைகள் புரண்டும் எழுந்தும் சமாளித்தனர். கழுத்து வலித்தது ஆசிரியர்களுக்கே.

இன்னொன்றையும் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் தத்தம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தன. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுதும் நின்ற பெண்கள், கால் வீங்கி வீடு திரும்பியவர்கள், சும்மா ஒரு முக்காலிக்கே சட்டம் வர வேண்டியிருந்தது. தலைதாங்கியின் தேவையை நாம் வாதித்துக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

பிள்ளைகளின் செய்தி எஞ்சியுள்ளது. பள்ளி அறைகலன்களுக்கு ஐரோப்பாவில் வகுத்த அளவுமுறை, பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ப 31, 35, 38, 43 சென்டிமீட்டர் எனப் படிப்படியாக இருக்கையின் உயரத்தைக் கூறுகிறது. நம் கணினி அறையில் எல்லா நாற்காலிகளும் ஒரே உயரம், பெரியவர்க்கான உயரம். சுழல் நாற்காலியை முற்றிலும் இறக்கினாலும் முதலாம் வகுப்புப் பிள்ளையின் பாதம் தரையைத் தொடாது. போதாக்குறைக்கு உருளையும் சேர்ந்தால் பாடம் நடக்காது, ஊர்வலம்தான் நடக்கும். ஆகவே கூட்டத்தில் விலை மிக்க நாற்காலி வேண்டாம் என்று முடிவாயிற்று. எழுத்தருக்கு நல்லதொரு நாற்காலி இருக்கட்டும் என்பதும் முடிவாயிற்று. மீதிப் பணத்தில், தச்சுவேலை அறிந்த பெற்றோர் ஒருவர் பழைய மேசைகளின் பலகையை அறுத்து இருவேறு உயரங்களில் கால்பலகைகள் செய்து தந்தார். பார்ப்பதற்கு அவை நம் வீட்டு மணைகளைப் போலவே இருக்கின்றன. பாடம் முடிந்ததும் அவற்றைச் சுவரோரம் அடுக்கி வைப்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பொறுப்பு.