கந்தக வாடை இல்லாத எண்ணெய்: பின்னச்சு கூவும் கதை

எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்கு அட்டைப்பெட்டி லோடு அடிக்கும் ஒரு குட்டியானை. ஓட்டுபவர் எனக்குச் சித்தப்பா முறை. கொஞ்ச நாளா வண்டி ஐம்பதைத் தாண்டினாலே பின்னாடியிருந்து 'ஊ...'ன்னு ஒரு கூவல். முதலில் போன பட்டறையில் கேட்ட மாத்திரத்தில், "கிரவுன் பினியன் போச்சு, செட்டா மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. சித்தப்பாவுக்கு அது ஒரு மாச வருமானம்.

அடுத்துப் பார்த்த வயசான மெக்கானிக் எதையும் கழற்றலை. பக்கத்தில் உட்கார்ந்து, "மிதிங்கண்ணே... காலை எடுங்க... இப்ப அதே ஸ்பீடுல மூணாவது கியருக்கு வாங்க"ன்னு ஓட்டச் சொல்லிக் கேட்டார். திரும்பி வந்ததும் அச்சு நடுவில் இருக்கிற உருண்டையின் திருகு மூடியைத் திறந்து, விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். "கந்தக வாடையே இல்லையேண்ணே, யாரு எண்ணெய் ஊத்துனது?"

பட்டாசு ஊரில் கந்தக வாடையைத் தேடி ஒருத்தர் வண்டியை முகர்வது எனக்கு வேடிக்கையா இருந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கும் வரலாற்றைத் தேடினதுதான் இந்தக் குறிப்பு.

மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அச்சு நிலையா நிற்கும், இரண்டு சக்கரமும் தனித்தனியா அதில் சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடியாகணும். சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் இருந்தா, ஒரு தெருமுனை திரும்புவதற்குள் இரண்டுக்கும் 2.2 மீட்டர் வித்தியாசம் வந்துடும். மாட்டுவண்டியில் அது தானாகவே சரியாகிவிடும். ஏன்னா மாடு இழுப்பது வண்டியை, சக்கரத்தை அல்ல.

சக்கரத்தையே எஞ்சின் சுழற்ற ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இறுக்கினால் வளைவில் ஒன்று தரையைத் தேய்க்கும். 1820-களின் கடைசியில் பாரிஸைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளி ஒனெசிஃபோர் பெக்கர், நீராவி வண்டிக்காக ஒரு பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். விசையை இரண்டு பக்கமும் கொடுக்கும், ஆனா வேகத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடும். அதுதான் டிஃபரன்ஷியல். 1877-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி இதையே மிதிவண்டி வகைக்குக் கொண்டுவந்தார். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கும் வண்டியில், பலசாலி மிதித்தால் வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போனது. அதைத் தீர்க்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆனா கூவுவது பெரும்பாலும் இந்த டிஃபரன்ஷியல் பற்கள் இல்லை. நேர்ரோட்டில் அவை ஒன்றுக்கொன்று சுழல்வதே கிடையாது. வளைவில் மட்டும் சத்தம் வந்தால்தான் அவற்றைச் சந்தேகப்படணும். கூவுவது அவற்றுக்கு விசை கொண்டுவரும் ஜோடி: தண்டின் முனையில் இருக்கும் சின்ன பினியன், அது சுழற்றும் பெரிய கிரவுன் வீல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பினியனில் 9 பல், கிரவுனில் 41 பல், டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் ஓடுதுன்னு வெச்சுக்குங்க. 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 8 சுற்றுக்குக் கொஞ்சம் மேல். பினியன் 38 சுற்று. பல்லோடு பல் மோதுவது நொடிக்குச் சுமார் 340 தடவை. இந்த 340 அதிர்வு மனுசக் குரல் எட்டுகிற சுருதிதான். அதனாலதான் காதுக்கு ஊளை மாதிரி கேட்குது. சக்கர பேரிங் தேய்ந்தால் வருவது பொதுவா இதைவிடக் கனத்த உறுமல்.

மெக்கானிக் கியரை மாத்தச் சொன்னதும் இதுக்காகத்தான். கியர் மாறினா எஞ்சின் வேகம் மாறும், சக்கர வேகம் மாறாது. சுருதி அப்படியே நின்றால் சத்தம் கியர் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்குன்னு அர்த்தம். காலை எடுக்கச் சொன்னதுக்கும் காரணம் உண்டு. மிதிக்கும்போது பல்லின் ஒரு முகம் சுமை தாங்கும், விடும்போது மறுமுகம். சித்தப்பா வண்டி காலை எடுத்தா இன்னும் பலமா கூவியது. பினியன் பேரிங் தளர்ந்திருக்கும்போது இப்படி வருவது வழக்கம்.

பழைய மோட்டார் வண்டிகளில் இந்தச் சத்தம் சகஜம். பற்கள் நேரா வெட்டப்பட்டவை, ஒவ்வொன்றும் முழு அகலத்தில் ஒரே நேரத்தில் மோதும். அமெரிக்காவின் ராசெஸ்டரில் இருந்த கிளீசன் கம்பெனி 1913-இல் வளைந்த பல் வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஒரு பல் விடுவதற்குள் அடுத்த பல் பிடித்துக்கொள்ளும், சத்தம் குறைந்தது. 1920-களின் நடுவில் அதே கம்பெனி ஹைப்பாய்டு பல்லைத் தந்தது. இதில் பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே இறங்கி உட்காரும். தண்டு தாழ்ந்ததால் காரின் தரையையும் தாழ்த்த முடிந்தது, சத்தமும் இன்னும் அடங்கியது. பேக்கார்டு கார்கள் அதை முதலில் எடுத்துக்கொண்டன.

அதுக்கு ஒரு விலையும் இருந்தது. ஹைப்பாய்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்து, இரும்பு இரும்போடு ஒட்டிப் பிய்ந்தது. தீர்வா வந்ததுதான் கந்தகச் சேர்மானம் கலந்த எண்ணெய். பல் சூடேறும் இடத்தில் கந்தகம் இரும்போடு சேர்ந்து ஒரு மெல்லிய பூச்சாகும். தேய்வது அந்தப் பூச்சுதான், பல் தப்பிக்கும். பின்னாளில் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த எண்ணெய்கள் நிலைத்தன. இன்னைக்கு டப்பாவில் 'ஜிஎல்-5'ன்னு போட்டிருப்பது அந்த வகையைத்தான்.

இதைப் படித்தபோது என்னை நிறுத்திய இடம் இதுதான். 1920-களில் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழிலைக் கொண்டுவந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த வித்தையில் கந்தகமும் ஒரு சரக்கு. கிட்டத்தட்ட அதே பத்தாண்டில்தான் ஹைப்பாய்டு பல் பிறந்து, எண்ணெய்க்குக் கந்தகம் தேவைப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனா குணம் ஒன்றுதான்: சூடு பட்டால் கந்தகம் சும்மா இருக்காது. தீக்குச்சியில் அது பற்றுவதற்கு உதவும், பல்சக்கரத்தில் பல்லைக் காக்கும்.

சித்தப்பா வண்டியில் பினியன் சீல் கசிந்திருக்கு. குறைந்த அளவை ஈடுகட்ட யாரோ எஞ்சின் ஆயிலை ஊத்தியிருக்காங்க. எண்ணெய் இருந்தது, கந்தகம் இல்லை. ஹைப்பாய்டு வந்த காலத்தில் நடந்த அதே தவறு, ஒரு குட்டியானைக்குள் மறுபடி நடந்திருக்கு.

மோந்து பார்ப்பது சோதனைச்சாலை அல்ல. பழைய எண்ணெயில் வாடை மங்கலாம். ஆனா அந்த ஒரு முகர்வு சரியான கேள்வியைக் கேட்க வைத்தது. சீல், பேரிங், சரியான எண்ணெய், இவ்வளவுதான் மாற்றினார்கள். கூவல் பாதிக்குமேல் அடங்கியது, முழுசா நிற்கலை. தேய்ந்த பல் எண்ணெயால் வளராது. "கிரவுன் பினியன் மாத்துற நாள் வரும்ணே, ஆனா இன்னைக்கு இல்ல"ன்னார் மெக்கானிக். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பதப்படுத்திய ஜோடி என்பதால், அந்த நாள் வந்தால் ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது என்பதையும் சொல்லி அனுப்பினார்.

இப்ப மாசம் ஒருதரம் சித்தப்பா வண்டிக்கடியில் படுத்து, சீல் பக்கம் ஈரம் இருக்கான்னு துணியால் துடைத்துப் பார்க்கிறார். துடைத்த துணியை மறக்காமல் மோந்தும் பார்க்கிறார்.