கிரகணத்தில் தோன்றிய மஞ்சள் கோடு



மம்சாபுரத்தில் மாலைதோறும் மேற்கு மலைக்குப் பின்னே கதிரவன் மறைவதைக் காண்கிறோம். அக்கதிரவனில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்பதை அங்குச் செல்லாமலே அறிய இயலுமா? இயலும். ஒளியே அதற்கு வழி காட்டுகிறது.

அடுப்புத் தீயில் சிறிது உப்பு விழுந்தால் சுடர் மஞ்சளாகிறது. அஃது உப்பிலுள்ள சோடியத்தின் அடையாளம். நிறமாலைக் கருவியால் நோக்கினால், அம்மஞ்சள் நிறம் நெருங்கி நிற்கும் இரு கோடுகளாகத் தெரியும். இவ்வாறு ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் உண்டு.

1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் அதனை ஆராய்ந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்துப் போக்சன் ஆராய்ந்தார். சூரியனின் விளிம்பில் எழுந்த தீக்கொழுந்துகளின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தென்பட்டது. அது சோடியத்தினுடையதே என்று முதலில் எண்ணினர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் லாக்கியர் அதனை அளந்து, சோடியத்தின் கோடுகளினின்று அது சற்றே விலகியிருப்பதைக் கண்டார். அது புதியதொரு தனிமம். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ‘ஹீலியம்’ என்னும் பெயர் பெற்றது. ஆயினும், பூமியில் அதனை ராம்சே பிரித்தறிந்தது 1895இல்தான்.

இருபத்தேழு ஆண்டுகள் அஃது ஏன் அகப்படவில்லை? அதற்குரிய விளக்கத்தின் தொடக்கம் 1913இல் நீல்ஸ் போர் வெளியிட்ட அணுக்கொள்கை. பின்வந்த அறிஞர்கள் அதனைத் திருத்தி விரிவாக்கினர். அணுக்கருவைச் சூழ்ந்த எலக்ட்ரான்கள் கூடுகூடாக அமைந்துள்ளன. முதற்கூடு இரண்டனையே கொள்ளும். இரண்டாவது எட்டினைக் கொள்ளும். உயர்ந்த ஆற்றல் நிலையினின்று தாழ்ந்த நிலைக்கு எலக்ட்ரான் இறங்கும்போது, அவ்விரண்டின் வேறுபாடு ஒளியாக வெளிப்படுகிறது. அதுவே நாம் காணும் கோடு.

சோடியத்தின் பதினொரு எலக்ட்ரான்கள் 2, 8, 1 என அமைகின்றன. வெளிக்கூட்டின் ஒற்றை எலக்ட்ரானை அஃது எளிதில் பிறருக்கு ஈந்து சேர்மமாகிறது. ஹீலியத்துக்கோ உள்ளவை இரண்டே. அவற்றால் முதற்கூடு நிறைந்துவிடுகிறது. அஃது ஈவதுமில்லை, ஏற்பதுமில்லை. சேர்மங்களில் தேடிய வேதியியலார் கையில் அஃது எவ்வாறு அகப்படும்? மேலும், அது மிக இலேசான வாயு. காற்றிலும் மிகச் சிறிதளவே உண்டு. ஆயினும் தன் ஒளியை அதனால் மறைக்க இயலவில்லை.

‘2, 8, 1’ என்பதை நானும் முதலில் மனப்பாடமாகவே கற்றேன். பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். அவ்வெண்கள் எவரோ இட்ட கட்டளைகள் அல்ல. ஒளிக்கோடுகளைப் பொறுமையுடன் அளந்து, ‘ஏன்?’ என்று கேட்டவர்கள் பெற்ற விடைகள். நீங்களும் கேட்டுக் கற்பீர்களாக.