பக்கத்து ஊரில் நிற்கும் பழைய கற்கள்



சரித்திரம் என்று சொன்னதும் நம் பிள்ளைகளுக்கு மலாக்கா பட்டணம்தான் நினைவுக்கு வருகிறது. பஸ் பிடித்துப் போவார்கள், சிவப்புக் கட்டிடத்தின் முன் நின்று படம் எடுப்பார்கள், கோட்டை வாசலைப் பார்ப்பார்கள், ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. ஆனால் லூபோக் சீனாவிலிருந்து லிங்கி ஆற்றைத் தாண்டி அடுத்த ஊரான பெங்காலான் கெம்பாஸுக்கு எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? மீன் வாங்கப் போயிருப்பீர்கள், கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள். கல்லைப் பார்க்கப் போனீர்களா?

முதலில் பெயர்களைக் கவனியுங்கள். மலாய் மொழியில் ‘லூபோக்’ என்றால் ஆற்றிலே ஆழமான மடு. ‘பெங்காலான்’ என்றால் படகு வந்து ஒதுங்கும் துறை, ‘கெம்பாஸ்’ ஒரு மரம். இரண்டு ஊருக்கும் பெயர் கொடுத்தது ஆறும் அதன் கரையும்தான். ரோடு வருவதற்கு முன்னால் இந்த லிங்கி ஆறுதான் ரோடு. உள்நாட்டில் சுங்கை ஊஜோங் பக்கம் தோண்டிய ஈயம் படகிலேறி இந்த வழியாகத்தான் கடலுக்கு இறங்கியது. ஆற்றின் வாயைப் பிடித்தவன் கையில் வரிப்பணம். அதனால்தான் 18ஆம் நூற்றாண்டில் குவாலா லிங்கி மேட்டில் டச்சுக்காரர் காலத்தில் ஒரு கோட்டை எழுந்தது. டச்சு கவர்னர் ஜெனரல் ஜேக்கப் மோசல் என்பவருடைய மகளின் பெயரால் அதைப் பிலிப்பினா கோட்டை என்றார்கள். அதன் மதில் இன்னும் இருக்கிறது, போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கோட்டையைப் பற்றி அல்ல. பெங்காலான் கெம்பாஸில் ஒரு பழைய சமாதி இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதைக் கெராமாட் என்று மதிக்கிறார்கள். அதன் அருகே மூன்று நெட்டைக் கற்கள் நிற்கின்றன. ஒன்று வாள் போல, ஒன்று அகப்பை போல, ஒன்று படகின் சுக்கான் போல. அதற்கேற்றபடி பெடாங், சூடு, கெமூடி என்று பெயர். வாள் கல்லிலே ‘அல்லாஹ்’ என்ற சொல் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இப்படிக் கல்லை நட்டு வைக்கும் வழக்கம் இஸ்லாம் இங்கே வருவதற்கு முந்தியது. பழைய வழக்கத்தின் மேல் புதிய நம்பிக்கை வந்து உட்கார்ந்தபோது கல்லைப் பிடுங்கி எறியவில்லை பாருங்கள்!

இதுபோன்ற கற்கள் ரெம்பாவ், தம்பின், அலோர் காஜா வட்டாரங்களிலும் உண்டு. கிராமத்தார் ‘பாத்து ஹீடுப்’, அதாவது உயிருள்ள கல் என்பார்கள். அது வளர்கிறது என்றும் நம்புவார்கள். நம் நாட்டு நடுகல் உங்களுக்கு ஞாபகம் வரும். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியமே படிப்படியாகச் சொல்கிறது. அதற்காக, ‘இதுவும் தமிழன் நட்டதுதான்’ என்று உடனே மார்தட்ட வேண்டாம். பெரிய கல்லை நட்டு இறந்தவரை நினைக்கும் வழக்கம் உலகத்தில் பல ஜனங்களுக்கு உண்டு.

ஆனால் இந்த இடத்தில் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கத்தான் செய்கிறது. சமாதியின் பக்கத்தில் நாலு முகமுள்ள ஒரு கல் தூண். அதில் அகமது மஜானு என்பவரின் பெயர் பொறித்திருக்கிறது. ஒரு பக்கம் அரபு எழுத்து, இன்னொரு பக்கம் ‘காவி’ எழுத்து. காவி என்பது ஜாவாவின் பழைய எழுத்து. பல்லவர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்த எழுத்தின் வாரிசு அது. நம் எழுத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே, ஒரு கணக்குப் போடுங்கள். காவி எழுத்தில் உள்ள வருஷம் சக ஆண்டு 1385. சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் கிடைக்கும்: 1463. அரபு எழுத்தில் உள்ளது ஹிஜ்ரி 872, அதாவது 1467 அல்லது 1468. ஒரே கல்லில் நாலைந்து வருஷ வித்தியாசம்! இதைப் பற்றி அறிஞர்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், அது மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம். போர்த்துகீசியர் 1511இல் வந்து பட்டணத்தைப் பிடிப்பதற்கு நாற்பது வருஷத்துக்கும் முன்னால். அப்போது மலாக்காத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் செல்வாக்காக இருந்தார்கள். இந்தியாவின் சக ஆண்டு இங்கே ஆற்றங்கரைக் கல்லில் ஏறியிருப்பது சும்மா இல்லை.

அதே தூணில் ஒரு துவாரம் உண்டு. பொய் சொன்னவன் அதில் கையை விட்டால் கல் இறுகிக் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று ஊரார் சொல்வார்கள். போலீஸ், கோர்ட்டு இல்லாத காலத்தில் அந்தப் பயம் எத்தனை வழக்கைத் தீர்த்ததோ!

மியூசியத்து அதிகாரிகளும் ஆராய்ச்சிக்காரர்களும் 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தார்கள். அதுவரை நானூற்றைம்பது வருஷம் இதைக் காப்பாற்றியது யார்? எழுத்துத் தெரியாத கம்பத்து ஜனங்கள். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமலே, தாத்தா சொன்னார் என்று பேரன் பார்த்துக்கொண்டான்.

நம் தோட்டங்களை நினைத்தால் இங்கேதான் மனம் கனக்கிறது. 1896இல் தான் சே யான் மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து கணக்கெடுத்தால் நூற்று முப்பது வருஷம் ஆகப்போகிறது. இந்தக் காலத்துக்குள்ளேயே எத்தனை லயங்கள் மறைந்துவிட்டன! தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டது, பால்மரம் போய் செம்பனை வந்தது, ஜனங்கள் பட்டணம் போனார்கள். மாரியம்மன் கோயில் நின்ற இடம் எது, பெரட்டுக்கு நின்ற இடம் எது, ஆயாக்கொட்டகை எந்த மரத்தடியில் இருந்தது என்று சொல்ல இரண்டு மூன்று பாட்டிகள்தான் மிச்சம். நாம் கல் நடவில்லை. நோட்டுப் புத்தகத்திலாவது எழுதி வைக்கலாமே? பாட்டியை உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தக் கங்காணி அழைத்துவந்தார், முதல் சம்பளம் எத்தனை காசு என்று கேட்டால் அவர் வேண்டாமென்றா சொல்லப் போகிறார்?

பெங்காலான் கெம்பாஸுக்குப் போவதானால் காலையிலேயே போங்கள், வெயில் சாய்வாக விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும். அது சமாதி என்பதை மறக்காமல் அடக்கமாக நடந்துகொள்ளுங்கள். கல்லில் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள். துவாரத்தில் கைவிட்டு விளையாடவும் வேண்டாம். வீட்டுப்பாடம் செய்யாமல் ‘செய்துவிட்டேன் சார்’ என்று சொன்னவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை!