கண்ணிற் படாத சிறுத்தைகளின் கணக்கு

ஹட்டன், நுவரெலியாத் தேயிலை மலைகளில் சிறுத்தை உண்டென்பதைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் நன்கறிவர். ஆயின், எத்தனை உண்டு? காணாத விலங்குகளை எண்ணும் கலை மீன்களிடத்தே தொடங்கியது. டென்மார்க் அறிஞர் பீட்டர்சன் 1896ஆம் ஆண்டளவில் மீன்களுக்கு அடையாளமிட்டு ஆராய்ந்தார். 1930இல் அமெரிக்கரான லிங்கன் அம்முறையாற் காட்டுவாத்துகளைக் கணக்கிட்டார்.

மாணவருக்கு இதனைப் புளியங்கொட்டை கொண்டே விளக்கலாம். பானையிலுள்ள கொட்டைகளுள் 20க்குச் சுண்ணாம்பு தடவிக் கலந்துவிடுங்கள். பின்னர் 30 கொட்டைகளை அள்ளுங்கள். அவற்றுள் 6 வெள்ளையாயின், ஐந்தில் ஒன்று குறியுடையது. ஆகவே பானையில் ஏறத்தாழ 100 இருக்கும்.

சிறுத்தைக்குச் சுண்ணாம்பு தடவ எவர் துணிவார்? தேவையுமில்லை. ஒவ்வொன்றின் புள்ளிக்கோலமும் வேறு. தடத்தோரம் கட்டிய தானியங்கிக் கேமரா அதனைப் பதிந்துகொள்ளும். மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளிலும் இவ்வாறே ஆராய்கின்றனர்.

ஒரு நிபந்தனை உண்டு: குறியுடையவை இடையில் மடியலாகாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தையொன்று சுருக்குக் கம்பியிற் சிக்கிச் சில நாளில் மாண்டது. முன்பு படத்திற் பதிந்த சிறுத்தைகள் இவ்வாறு மாண்டால் கணக்கு என்னாகும்? பானையிலிருந்து வெள்ளைக் கொட்டை பத்தை எறிந்துவிட்டு, 27 அள்ளிப் பாருங்கள். 3 வெள்ளையே வரக்கூடும். கணக்கு 180 என்னும். பானையில் எஞ்சியிருப்பவையோ 90.